முட்டிக்குள் வாழும் மதுவம்

வன்னியில் கள் இறக்குகிறவர் மதுவத்தை விலைகொடுத்து வாங்குவதில்லை. அது காற்றில் இருக்கிறது, பாளையை மொய்க்கும் ஈயிலும் எறும்பிலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்றுக் கள் இறக்கிய முட்டியின் மண்துளைகளில் இருக்கிறது.

பூநகரியிலும் பளையிலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் நிற்கும் பனைகளில் ஆண், பெண் இரண்டிலும் கள் எடுக்கலாம். ஆனால் ஒரு மரம் பாளை தள்ளப் பதினைந்து ஆண்டளவு பொறுத்திருக்க வேண்டும். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கென்று தறிக்கப்பட்ட பனைகளின் இழப்பு எத்தகையது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, பக்குவமாக நசுக்கிப் பதப்படுத்திய பின்பே சீவல் தொடங்கும். காலையும் மாலையும் நுனியில் ஒரு மெல்லிய சீவல். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். போதாமல் சீவினால் ஊறும் வாய் அடைத்துக்கொள்ளும். அந்த அளவு கைக்குப் பிடிபடுவதுதான் தொழிலின் பாதி.

மறுபாதி முட்டி. உள்ளே சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்படும். கிடைப்பது கருப்பநீர், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பில்லாத முட்டியில் சாறு சொட்டத் தொடங்கியதுமே மதுவம் வேலையில் இறங்கிவிடும். சாற்றில் பத்து வீதத்துக்கு மேல் இருக்கும் சீனி மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிய, முட்டியின் வாயில் வெண்ணுரை ததும்பும். கூடவே பற்றீரியா இலற்றிக்கமிலத்தைச் சேர்க்கும். கள்ளின் மெல்லிய புளிப்பு அதனால் வருவது. பழைய மண்டி மிகுந்தால் புளிப்பு முந்தும். ஒட்டத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டால் பொங்குதல் பிந்தும். நல்ல கை இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

ஒரே முட்டிக்குள் ஒரே மதுவம் என்பதும் இல்லை. இலங்கைத் தென்னங்கள்ளை ஆராய்ந்து 1986 இல் வெளியான ஆய்வொன்று 17 இன மதுவங்களைப் பிரித்தெடுத்தது. நோர்வேயின் மேற்குப் பண்ணைகளில் வீட்டு பியருக்கான ‘க்வைக்’ மதுவத்தை மரவளையங்களில் காயவைத்துத் தலைமுறைகளாகக் காத்தார்கள். அங்கே வளையம் செய்ததை வன்னியில் முட்டி செய்கிறது. எடுத்து வைப்பாரின்றி, தினமும் வேலை செய்தபடியே.

பன்னாடையில் வடித்த கள்ளில் முதலில் இனிப்பு தெரியும், அடுத்து நுரையின் சுறுசுறுப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் புளிப்பு. மூன்றும் ஒத்து நிற்பது சில மணிநேரமே. பொழுது ஏற ஏற இனிப்பு வற்றி, மதுசாரம் ஐந்து வீதத்தை அண்மிக்கும். சூடாக்கிப் போத்தலில் அடைத்தால் மதுவம் செத்துவிடும். நெடுநாள் இருக்கும், ஆனால் அந்த உயிர்ப்பு இராது. கள்ளை இறக்கிய அன்றே, மரத்தடியில், பனையோலைப் பிளாவில் குடிப்பதே முறை. மிஞ்சியது அப்ப மாவைப் பொங்க வைக்கும். அதற்கும் பிந்தியது வினாகிரி.