விஞ்ஞானியும் பள்ளி ஆசிரியரும்

விஞ்ஞான ஆசிரியர்களை ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானிகளுடன் சில நாள் கூட்டி வைத்துவிட்டால் வகுப்பில் விஞ்ஞானம் தழைத்துவிடும் என்ற எண்ணம் கல்வித் துறையினரிடையே வேரூன்றியிருக்கிறது. அழகான எண்ணந்தான். ஆனால் அந்தச் சில நாட்களில் இரு சாராரும் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும். நம் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் கண்ட பட்டறைகளில் பல, காலையில் உரை, நண்பகலில் உணவு, மாலையில் சான்றிதழ் என்ற அளவிலே முடிந்தவை. உரை நிகழ்த்தியவர் பெரிய அறிஞர் என்பதில் ஐயமில்லை. மறுநாள் நாலாம் வகுப்பில் போய் நிற்பவருக்கு அதனால் விளைந்தது என்ன?

இம்முயற்சிக்குப் பெயர்பெற்ற முன்மாதிரி அமெரிக்காவில் தோன்றியது. 1956-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரால்டு சக்கரையாஸ் என்னும் பௌதிக அறிஞரின் தலைமையில் ஒரு குழு கூடி, உயர்நிலைப் பள்ளிப் பௌதிகத்தை அடியோடு மாற்றி எழுத முற்பட்டது. மறு ஆண்டு சோவியத் நாடு ஸ்பூட்னிக்கை விண்ணில் ஏவியதும் அரசாங்கப் பணம் தாராளமாகக் கிட்டிற்று. நூலும் திரைப்படமும் கருவிகளும் உருவாயின. அவற்றைக் கையாள ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி தந்தனர். குழுவில் ஆசிரியர் சிலரும் இருந்தனர் எனினும் கடிவாளம் பேராசிரியர்கள் கையிலேயே இருந்தது. சமைத்து முடித்தபின் பரிமாற ஆள் தேடிய கதைதான்.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று நர்மதாபுரம்) நடந்ததையே ஆகும். 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள நண்பர்கள் கிராம நிலையம் ஆகிய இரு அமைப்புகள் அதனைத் தொடங்கின. கிஷோர் பாரதியை நிறுவிய அனில் சட்கோபால், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துப் பணியைத் துறந்து கிராமத்துக்கு வந்தவர். அந்நிலையத்தாரும் டில்லிப் பல்கலைக் கழகத்தாரும் கோடையில் வந்து கிராம ஆசிரியர்களோடு அமர்ந்தனர். 1978-இல் திட்டம் மாவட்டம் முழுவதும் பரவிற்று. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா என்னும் அமைப்பு பின்னர் அதனை ஏற்று நடத்தியது.

அங்கே மாணவன் செய்ய வேண்டிய சோதனையை ஆசிரியர் முதலில் தாமே செய்தார். அளவெடுக்கும் பாடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரே மேசையைப் பத்துப் பேர் அளந்தால் விடைகள் சற்றே வேறுபடும். புத்தகத்தில் ஒற்றை விடையே கண்டு பழகிய ஆசிரியருக்கு இது தொல்லை. ஆராய்ச்சியாளருக்கோ அன்றாட அனுபவம். எவர் விடை சரியென்று தீர்ப்புக் கூறாமல், ஏன் மாறியது, எவ்வளவு மாறலாம் என்று கூடவே உட்கார்ந்து ஆராய்பவரே ஆசிரியருக்குத் துணையாவார். “எனக்குத் தெரியாது, செய்து பார்ப்போம்” என்று ஒரு விஞ்ஞானி கூச்சமின்றிச் சொல்லக் கேட்டவர், தம் மாணாக்கர் முன்னும் அவ்வாறு சொல்லத் துணிவார். விஞ்ஞானியிடமிருந்து நமக்குக் கிடைக்கக்கூடிய பெரும் பேறு இந்தத் துணிவே என்பது என் கருத்து. செய்திகளைத் தர நூல்கள் போதும்.

கோடை முடிந்ததும் அங்கே தொடர்பு அறுந்துவிடவில்லை. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடித் தத்தம் வகுப்பில் எது தவறியது என்று பேசினர். ‘பால வைஞானிக்’ என்ற பாடநூல் அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தப்பட்டது. ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குச் சிறுவர்கள் கேள்வி எழுதி அனுப்பினர், பதிலும் பெற்றனர். எட்டாம் வகுப்பு விஞ்ஞானத் தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு.

குறையும் இங்கேதான் இருக்கிறது. இவ்வளவும் எட்டாம் வகுப்போடு நின்றது. ஒன்பதில் கால் வைத்த பிள்ளையைப் பழைய பாடமும் பழைய தேர்வும் எதிர்கொண்டன. ஏறத்தாழ 1,000 பள்ளிகளில் நடந்துவந்த திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வில் மாவட்டம் பின்தங்கியது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மனப்பாடத்தை அளக்கும் கோலைக் கொண்டு சோதனை செய்து கற்றவனை அளப்பது அநீதி. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் 30 ஆண்டுகள் உழைத்த அறிஞர்கள், தங்கள் மாணாக்கர் போய்ச் சேரும் அடுத்த வகுப்பின் தேர்வை மாற்றிவிட முடியவில்லை. அந்த வகுப்பு ஆசிரியர்களுக்கும் அதே கோடைக்கால மேசையில் இடம் கிடைத்திருக்க வேண்டும்.