நிதிக்கொடையும் கட்டடக்கலை ஆய்வும்: மன்னாரை மையமாகக் கொண்ட சில குறிப்புகள்

கட்டடக்கலை பற்றிய ஆய்வுகளை மதிப்பிடும்போது அவற்றின் முறையியலையும் முடிவுகளையும் வினாவுக்குள்ளாக்குகிறோம். அவற்றுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதை நாகரிகக் குறைவெனக் கருதி விட்டுவிடுகிறோம். நன்றியுரையின் ஓரிரு வரிகளில் அடங்கிவிடும் அச்செய்தியே உண்மையில் ஆய்வின் முதல் அத்தியாயமாகும். எதனை அளக்க வேண்டும், எதனைக் கடந்து செல்லலாம் என்ற முடிவுகள் பெரும்பாலும் அங்கேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. உழவையும் கடற்றொழிலையும் நம்பி வாழும் மன்னார்த் தீவையும் அதன் பெருநிலக் கரையையும் சான்றாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

1

பத்துப்பாட்டுள் இரு பாடல்கள் இவ்விடயத்தில் ஒப்புநோக்கத்தக்கன. நெடுநல்வாடை அரண்மனையைக் கூறுகிறது. கோல் நாட்டி, நண்பகல் நிழலால் திசை குறித்து, நூலிட்டு மனை வகுக்கும் வல்லுநர் அங்கு வருகின்றனர். பெரும்பாணாற்றுப்படையோ எயினர், இடையர், உழவர், வலைஞர் முதலியோரின் குடியிருப்புகளை அவர்தம் தொழிலோடும் உணவோடும் காட்டுகிறது. இதனால் அப்பாடல் மக்கள் சார்பாக எழுந்ததென்று கொள்ளலாகாது. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறுவதற்குப் பாணனை ஆற்றுப்படுத்துவதே அதன் நோக்கம். ஆயினும் புரவலனை நாடிச் செல்லும் பாணன் வழியிலுள்ள குடிசைகளில் உண்ண வேண்டியிருந்தது. அந்தத் தேவையே குடிசையை இலக்கியத்தினுட் கொணர்ந்தது. இன்றைய நிதிக்கொடை விண்ணப்பமும் ஒருவகை ஆற்றுப்படையே. ஆனால் இன்றைய ஆய்வாளர் வழியிலே தங்குவதில்லை.

2

மன்னாரின் ‘கட்டடங்கள்’ எனப்படுவன எவை? போர்த்துக்கேயர் 1560இல் அமைத்து, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர் திருத்திக் கட்டிய கோட்டை. அரிப்பிலே, மக்கள் அல்லிராணி கோட்டையென வழங்கும் இடிபாடு. பின்னையது கோட்டையன்று. முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டுவித்த மாளிகை அது. 1807இல் இலங்கை பற்றிய தமது நூலை வெளியிட்ட ஜேம்ஸ் கோர்டினர் அதனை இத்தீவின் மிக அழகிய கட்டடமென்றும், கட்டடக்கலை ஒழுங்கொன்றைத் தழுவி எழுந்தவற்றுள் ஏறத்தாழத் தனியானதென்றும் போற்றினார். கிரேக்கத் தூணே அவருக்கு ஒழுங்கு. அநுராதபுரமும் பொலன்னறுவையும் அவர் கணக்கில் வரவில்லை.

அம்மாளிகையின் தெற்கே, மறிச்சுக்கட்டிக் கரையில், முத்துக்குளிப்புக் காலந்தோறும் பல்லாயிரவர் கூடிய ஒரு நகரம் எழுந்தது. கம்பும் கிடுகும் பனையோலையும் கொண்டு தெருக்களும் கடைகளும் அரச அலுவலகங்களும் அமைந்தன. 1906ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் அரச அலுவலராகக் கடமையாற்றிய லெனாட் வூல்ப் தமது தன்வரலாற்றில் அதனை விரிவாக எழுதியுள்ளார். பருவம் முடிய அந்நகரம் கலைந்தது. ஒரு மனிதனுக்காகக் கட்டப்பட்ட மாளிகை கட்டடக்கலை எனப்படுகிறது. பல்லாயிரவருக்காகச் சில வாரங்களில் எழுந்த நகரமோ ‘தற்காலிக முகாம்’ எனப்படுகிறது. இவ்வேறுபாட்டை அழகியல் வேறுபாடென்று மட்டும் கொள்ளல் பொருந்தாது. முத்தின் வருவாயைப் பெற்றவனுக்கும் மூச்சடக்கி முத்துக்குளித்தவனுக்கும் இடையிலான உறவே இங்கு கலைச்சொல்லின் வடிவிற் தோன்றுகிறது.

3

வெளிநாட்டு நிதியால் விளைந்த பயனை மறுப்பது எமது நோக்கமன்று. மாந்தையில் இலங்கைத் தொல்பொருட் திணைக்களத்துடன் இணைந்து ஜோன் கார்ஸ்வெல் முதலியோர் 1980இல் தொடங்கிய அகழ்வு, 1984இல் போர்ச் சூழலால் நின்றது. அதன் முழு அறிக்கை 2013இலேயே நூலாயிற்று. 2009–2010இல் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியோடு இந்துசமுத்திரத் தொடர்புகளை ஆராய்ந்த குழுவினர் அங்கு மீண்டும் அகழ்ந்தனர். மிளகும், தென்கிழக்காசியாவிலிருந்து வந்த கராம்பும் கிடைத்தன. மாதோட்டத்தின் உலகத் தொடர்பை இவை உறுதிப்படுத்தின.

எனினும் வினா எங்கே பிறந்தது என்பதை மறத்தலாகாது. சமுத்திரங்களை இணைத்த வணிகம் பற்றிய வினாவுக்கு நிதி கிடைத்தது. பேசாலையிலும் வங்காலையிலும் மீனவர் வாடியை எத்திசை நோக்கி அமைத்தனர், சோளகக் காற்றை எவ்வாறு தாங்கினர், கருவாடு காயவைக்கும் பெண்களுக்கு முற்றம் எத்துணை வேண்டியிருந்தது என்பன உலகவரலாற்று வினாக்களாகக் கருதப்படுவதில்லை.

4

திருக்கேதீச்சரத் திருப்பணிக்கு இந்திய அரசு ஏறத்தாழ 32 கோடியே 60 இலட்சம் ரூபா நன்கொடை வழங்கியது. இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியும் அதில் ஈடுபட்டன. 2022 யூலையிற் குடமுழுக்கு நிகழ்ந்தது. அதே அரசின் நிதியில், போருக்குப் பின்னர், வடக்குக் கிழக்கில் 46,000 வீடுகள் அமைக்கும் திட்டமும் நடைபெற்றது. புதிய வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. தளப்பரப்பு 550 சதுர அடி. கோயிற் பணத்தை ஐந்தரை இலட்சத்தால் வகுத்து, எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாமெனக் கேட்பது எளிது. ஆனால் அது கொச்சைப் பொருளியல்வாதமாகும். போர்த்துக்கேயர் அழித்த கோயிலை மீட்டெடுப்பது மக்களின் வரலாற்று உணர்வோடு இயைந்தது.

எமது வினா வேறு. கோயிலுக்குப் பணத்தோடு ஸ்தபதியும் அளவை நூலும் ஆய்வு நிறுவனமும் வந்தன. வீட்டுக்கோ பணமும் சதுர அடியும் வந்தன. வீட்டுக்குரியோரே கட்டுவிக்கும் முறை பின்பற்றப்பட்டமை நன்றே. ஆயினும் அப்பணம் போதாது கடன்பட்டோர் பலர். 2016இல் 65,000 உருக்கு வீடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா செலவில், முன்மொழியப்பட்டபோது பொறியியலாளரும் சமூக ஆய்வாளரும் வெப்பம், செலவு, உள்ளூர்த் தொழிலாளரின் வேலைவாய்ப்பு ஆகியவற்றை முன்வைத்து எதிர்த்தனர். அத்திட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை. அவ்வெற்றி தற்காப்பு வெற்றியே. எத்தகைய வீடு வேண்டாமென எம்மாற் கூற முடிந்தது. எத்தகைய வீடு வேண்டுமென அளவைப் படத்தோடு கூறுவதற்கு நாம் ஆயத்தமாயிருந்தோமா?

இக்குறைபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலிப் பகுதியில் அவர்கள் விட்டுச் சென்ற ஊர்களைக் காடு மூடியது. 2012இல் மறிச்சுக்கட்டியை அண்டிய நிலங்கள் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, அவற்றுள் தம் பழைய குடியிருப்புகளும் அடங்குவதாகத் திரும்பிய மக்கள் முறையிட்டனர். முத்துக்குளிப்பு நகரம் எழுந்து கலைந்த அதே கரை! கோட்டைக்கு வரைபடம் உண்டு; ஆதலின் அது இடிந்த பின்னும் சட்டப் பாதுகாப்புப் பெறுகிறது. மண்சுவருக்கும் கிடுகுக் கூரைக்கும் வரைபடம் இல்லை. ஆதலின் அவை அழிந்ததும் அங்கு வாழ்ந்தோரே தாம் வாழ்ந்ததை நிறுவ வேண்டியவராகின்றனர்.

5

வேறு வழி உண்டு என்பதற்கு அயலிலுள்ள கேரளம் சான்று. 1985இல் அச்சுத மேனன், கே. என். ராஜ், லாறி பேக்கர் ஆகியோரின் முயற்சியில் உருவான ‘கோஸ்ட்போர்ட்’ நிறுவனம், குறைந்த செலவில் வீடமைக்கும் நுட்பங்களைக் கட்டுமானத் தளத்திலேயே வளர்த்தது. அங்கு மேசன் ஆய்வின் பங்காளியானார். நிலச்சீர்திருத்தம் நடந்தேறிய மண்ணில் அது வேரூன்றியது என்பதையும் கருத வேண்டும். நிலமின்றி வீட்டாய்வு இல்லை.

நிதிக்கொடையைப் புறக்கணிக்குமாறு யாம் கூறவில்லை. அதன் வினாவை மாற்றவே கூறுகிறோம். இதில் தமிழ்த்துறையினர்க்கும் பங்குண்டு. அவர்களது பணி பெருநிதியை வேண்டுவதன்று. விடத்தல்தீவிலும் எருக்கலம்பிட்டியிலும் அடம்பனிலும் முதியோரிடம் சென்று, கூரையின் உறுப்புகளுக்கும் வேலியின் வகைகளுக்கும் வாடியின் பகுதிகளுக்கும் வழங்கும் சொற்களைத் திரட்டலாம். நினைவிலுள்ள வீடுகளை அவர்கள் சொல்லச் சொல்ல வரையலாம். அகராதியும் வரைபடமும் இணையும்போது அது மொழியாய்வாகவும் கட்டடக்கலை ஆய்வாகவும் காணியுரிமைக்கான சான்றாகவும் அமையும். இதற்கு ஒரு குறிப்பேடும் பேருந்துக் கட்டணமும், பாணனைப் போல் வழியிலே தங்கும் மனமும் வேண்டும். அம்முதியோர் நெடுங்காலம் எமக்காகக் காத்திரார்.