ஜெயிச்சா, ஜெயிச்சிருந்தா

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்குப் போகும் வழியில் ஒரு சிற்பப் பட்டறை இருக்கிறது. அதன் வாசலில் கருங்கல் பலகை ஒன்று சாய்ந்து நிற்கும். உளி வைத்த பிறகு நடுவில் விரிசல் ஓடுவது தெரிந்து, எந்தத் தெய்வமாகவும் ஆகாமல் ஒதுங்கிவிட்ட கல். வருடத்தில் ஒன்பது பத்து மாதம் அதன்மேல் யாருடைய துண்டாவது காயும். கோடையில் மட்டும் அது ஐபிஎல் புள்ளிப் பட்டியல்.

சிலைக்குக் கோடு போடுகிற அதே செங்காவியில் பத்து அணிகளின் பெயர்கள். எதிரே ஆட்டம், வெற்றி, தோல்வி, புள்ளி, ரன் ரேட். அடிக்கோல் வைக்காமல் இழுத்த கோடுகள்தான், ஆனாலும் நூல் பிடித்தாற்போல் நிற்கின்றன. ஆயுள் முழுக்க மூர்த்திகளின் நெற்றியிலிருந்து பாதம் வரை நடுக்கோடு போட்ட கைக்கு, புள்ளிப் பட்டியலைக்கூடக் கோணலாகப் போட வராது போலும். ஒன்பது அணிகளுக்கு ஒரே அளவு எழுத்து. சென்னைக்கு மட்டும் ‘செ’யின் கொம்பு கொஞ்சம் நீண்டு, யாளியின் துதிக்கைபோல் உள்ளே சுருண்டு முடிகிறது. பாரபட்சத்தை இவ்வளவு நளினமாகச் சொன்ன எழுத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ரதங்களைப் பார்க்கும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு டீ குடிக்கும் நேரம் நின்று பாருங்கள், காதையும் கொடுங்கள்.

காதில் முதலில் விழுகிற சொல் ‘நாம’.

“நாம இன்னும் ரெண்டு ஜெயிக்கணும்ப்பா.” சொல்கிறவர் பட்டறையின் மூத்த சிற்பி. கேட்பவர் தண்ணீர் கேன் போட வந்த பையன். இருவருக்கும் மஞ்சள் சட்டைக்காரர்கள் பதினொரு பேரில் ஒருவரையும் நேரில் தெரியாது. ஆனாலும் ‘நாம.’ தமிழில் இதற்கு இரண்டு சொல் உண்டு. ‘நாங்க’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம’ என்றால் அவரும் உள்ளே வந்தாயிற்று. அந்தப் பையன் பெங்களூர்க் கட்சியாகவும் இருக்கலாம், யார் விசாரித்தார்கள்? பெரியவர் ஒரே சொல்லில் அவனுக்கு மஞ்சள் சட்டை மாட்டிவிட்டார். அவனும் மறுக்காமல், கேனைத் தோளிலிருந்து இறக்காமலே, “ரெண்டு பத்தாது தாத்தா, ரன் ரேட்டும் வேணும்” என்றான். சென்னை சூப்பர் கிங்ஸின் பங்கு யார் கையில் இருக்கிறது என்பதைப் பங்குப் பதிவேடு சொல்லும். இந்தச் சாலையில் அது ‘நாம’ என்கிற இரண்டு எழுத்தின் கையில் இருக்கிறது.

அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்ன அழகு குந்தியிருக்கிறது. வினையின் வாலில் ஒட்டும் ‘ஆ’. ஜெயிச்சா. தோத்தா. மழை வந்தா. ஏட்டில் ‘வென்றால்’ என்று முடியும் சொல், பேச்சில் ல் உதிர்ந்து வாய் திறந்தபடியே நிற்கிறது. பிளேஆஃப் வாய்ப்பைப் பேசுகிற எல்லா வாக்கியமும் இந்தத் திறந்த வாயின்மேல்தான் கட்டப்படுகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் அங்கே நான் கேட்ட ஒரு வாக்கியம் ஏறக்குறைய இப்படிப் போனது: “நாம குஜராத்த ஜெயிச்சா, அப்புறம் ராஜஸ்தானையும் ஜெயிச்சா, டெல்லிக்காரன் பெங்களூர அடிச்சா, அதே டெல்லி லக்னோகிட்ட தோத்தா, நடுவுல எங்கியாச்சும் மழ வந்து ஆளுக்கொரு புள்ளி போச்சுன்னா...” இத்தனை ‘ஆ’வுக்குப் பிறகும் வினைமுற்று வரவில்லை. தமிழ் வாக்கியம் வினைமுற்றைக் கடைசிவரை மடியில் முடிந்து வைத்திருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். அந்தப் பொறுமையின் இனிமை இங்கே முழுசாகத் தெரிகிறது. கேட்கிறவர்கள் டீயை உறிஞ்சாமல் உதட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் “உள்ள போயிடலாம்” என்று அந்த ஒற்றை முற்று வந்து உட்கார்ந்தபோது எழுந்த மூச்சு, கோபுர உச்சியில் கலசம் ஏறியதைப் பார்த்த கூட்டத்தின் மூச்சு.

அப்போது மீதமிருந்த ஆட்டங்களில் ஒரு பத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவு என்று வைத்து, 1,024 வழிகள். மழையைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் பெருகும். அத்தனை வழியிலும் நடந்துபார்க்க மனிதர்களிடம் இருப்பது ஒரு கை. ஆம், கைதான், அதையும் சற்று உற்றுப் பாருங்கள். நான்கு விரல்களில் மும்மூன்று கணு, பன்னிரண்டு. கட்டைவிரலின் இரண்டையும் சேர்த்தால் 14. லீக் சுற்றில் ஓர் அணிக்கு ஆட்டங்களும் 14. யார் போட்ட திட்டமோ, ஒரு அணியின் பருவம் முழுவதும் ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. சுண்டுவிரலின் அடியில் தொடங்கி மற்றக் கையின் கட்டைவிரல் ஒவ்வொரு கணுவாக ஏறி இறங்கும்போது, வென்ற ஆட்டத்தில் மெல்ல ஒரு அழுத்து, தோற்ற ஆட்டத்தில் தொட்டதும் விலகல். நாட்டியத்தில் இதற்கு முத்திரைப் பெயர் கிடையாது. இருந்திருக்க வேண்டும்.

ரன் ரேட் பக்கம் வந்தால் அழகு இன்னும் நுணுக்கமாகிறது. எடுத்த ரன்னை ஆடிய ஓவரால் வகுத்து, கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்தது இது. தெரிந்தவர்களைத் தெரியாதவர்களிடமிருந்து பிரிக்கிற இடம் ஒரு புள்ளி. 18.2 ஓவர் என்பதைக் கைப்பேசியில் அப்படியே தட்டுகிறவரைப் பார்த்துப் பட்டறையே சிரிக்கும். ஓவருக்கு ஆறு பந்து, ஆகையால் அது 18.33. பத்து விக்கெட்டும் போனால், பதினாறு ஓவரில் சுருண்டாலும் கணக்கு இருபது ஓவருக்குத்தான் என்பது அடுத்த படி. இவற்றையெல்லாம் ஒருவரும் உட்கார்ந்து படித்ததில்லை. தாள மாத்திரை கேட்டுக் கேட்டே பழகுவதுபோலப் பழகியிருக்கிறது. விக்கிரகத்தின் உயரத்தைத் தாளத்திலும் அங்குலத்திலும் பிரித்து, அங்குலத்தை யவமாக உடைத்துப் பழகிய சமூகத்துக்கு மூன்றாம் தசம ஸ்தானம் ஒன்றும் கூச்சம் தருவதில்லை என்று தோன்றுகிறது.

இதே பேச்சு ரயிலில் வேறு சாயல் கொள்ளும். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குக் கிளம்பும் காலை மின்சார ரயில், கொளவாய் ஏரியை இடப்பக்கமோ வலப்பக்கமோ விட்டு (எந்தப் பக்கம் இடம் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது) வேகமெடுக்கும். ஏறும்போது ஆறாம் இடத்தில் இருக்கும் அணி, சிங்கப்பெருமாள் கோவிலில் ஐந்துக்கு வரும். கூடுவாஞ்சேரியில் ஒரு பெரியவர் மறுத்துப் பேசுவதால் அங்கேயே நிற்கும். வண்டலூரில் நான்கு. தாம்பரத்தில் கூட்டம் முட்டி ஏறும்போது இறுதிப்போட்டிக்கு டிக்கெட் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். மாம்பலத்தில் பாதிப் பேர் இறங்கிவிடுவதால் கோப்பையை யார் வாங்கினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ரயில் பெட்டியின் தனிச்சிறப்பு, நினைவு வைத்திருப்பவர்கள். பேச்சு சோர்ந்து விழும் இடத்தில் ஒருவர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “தர்மசாலா ஞாபகம் இருக்கா?” என்பார். அவ்வளவு போதும். 2010 ஏப்ரலில் பஞ்சாபுக்கு எதிராகக் கடைசி ஓவரில் 16 தேவை, இர்ஃபான் பதானின் நான்கு பந்துகளில் தோனி முடித்துவிட்டுத் தன் ஹெல்மெட்டில் தானே குத்திக்கொண்ட அந்த ஆட்டம், எதிர் சீட்டுக்காரர் முகத்திலும் வந்து உட்கார்ந்துவிடும். சென்னை அரையிறுதிக்குப் போய், அந்த வருடமே கோப்பையையும் முதன்முறையாகக் கொண்டுவந்தது. இன்னொருவர் 2012ஐ எடுப்பார். எனக்கு அது இன்னும் பிடிக்கும், ஏனென்றால் அதில் நாம் ஒன்றுமே செய்யவில்லை. சென்னையின் ஆட்டங்கள் முடிந்துவிட்டன. டெக்கான் சார்ஜர்ஸ் பெங்களூரைத் தோற்கடித்தால் மட்டுமே வழி. கீழே கிடந்த ஓர் அணிக்காக ஒரு மாலை முழுவதும் இந்தக் கரையே வேண்டிக்கொண்டது. டேல் ஸ்டெய்ன் வீசினார், பெங்களூர் 9 ரன்னில் தோற்றது, நாம் உள்ளே. சார்ஜர்ஸ் அணி அந்த ஆண்டோடு கலைந்தே போய்விட்டது. அதன் பெயரைச் சொல்லும்போது ரயிலில் இன்றும் குரல்கள் கொஞ்சம் தாழ்கின்றன, மறைந்த சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல.

பிறர் தோல்விக்குக் காத்திருக்கும் கலையில் நம்மவர்கள் காட்டும் முகபாவம் தனியாக ரசிக்கத் தக்கது. அர்ஜுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறதல்லவா, சுற்றிலும் எலிகள் நம்பி விளையாட? அந்தப் பூனையை ஒருநாள் பட்டறை வாசலில் பார்த்தேன். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்திருந்தார். “நமக்கு யாரு ஜெயிச்சா இன்னா? நல்ல ஆட்டமா இருந்தா போதும்” என்றார். சொன்ன வாய் மூடுவதற்குள் கைப்பேசியில் ஹைதராபாத்தின் வானிலையைப் பார்த்துக்கொண்டார். கண் பாதி மூடிய அந்தச் சாந்தத்தை ஏழாம் நூற்றாண்டிலேயே ஒருவன் கல்லில் பிடித்துவிட்டான் என்பது ஆச்சரியம்தான்.

காத்திருப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அன்று. மாமல்லபுரத்துக்குச் செங்கல்பட்டிலிருந்து வரும் பேருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் வரும். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் பிரசாதம் உண்ண வரும் என்று தலைமுறை தலைமுறையாக மலைமேல் அண்ணாந்து நின்ற ஊர். கழுகுகள் வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது. அந்த மலையைக் கடக்கும்போது ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் இன்னும் ஒருமுறை மேலே பார்த்துக்கொள்கிறார்கள்.

பலகையில் எல்லா வருடமும் கிரிக்கெட்தான் என்றும் சொல்ல முடியாது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை பக்கத்துப் பூஞ்சேரியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, செங்காவி குதிரைக்கும் ராணிக்கும் மாறியது. கடைசிச் சுற்றுக்கு முன்னால் இந்திய மகளிர் ஏ அணி முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்தில் முடிந்தது. பொதுப் பிரிவில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஆடிய பி அணிக்கும் வெண்கலம். சதுரங்கம் தெரியாதவர்களும் அன்று அந்தப் பலகையின் முன் கணுக்களை எண்ணினார்கள்.

2024 மே 18 இரவுக்கு வருகிறேன். பெங்களூர் சின்னசாமி மைதானம், லீக் சுற்றில் நம் கடைசி ஆட்டம். நம்மிடம் 14 புள்ளி, பெங்களூரிடம் 12. முதல் எட்டில் ஏழு தோற்று, பிறகு வரிசையாக ஐந்து வென்று வந்திருந்தார்கள். அவர்கள் 218 எடுத்தார்கள். அந்த இரவின் அழகே அடுத்த எண்ணில்தான் இருக்கிறது: வெல்ல 219, ரன் ரேட் கணக்கில் உள்ளே போக 201. பதினேழு ரன்வரை தோற்கலாம். தோல்விக்கு இப்படி ஒரு அளவு குறித்துக் கொடுக்கிற வேறு எந்த விளையாட்டு இருக்கிறது? பட்டறையில் பெரியவர் பலகையின் ஓரத்தில் 201 என்று மட்டும் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார். கவராயம் வைத்த வட்டம்போல இருந்தது.

கடைசி ஓவரில் 17 தேவை. யஷ் தயாளின் முதல் பந்தைத் தோனி 110 மீட்டர் அடித்தார், பந்து மைதானத்துக்கு வெளியே போய்விட்டது. மழை பெய்த இரவு, பழைய பந்து ஈரம். உலர்ந்த வேறு பந்து வந்தது. அடுத்த பந்தில் தோனி அவுட். கடைசி இரண்டு பந்தில் 10 தேவை, ஜடேஜாவின் மட்டையில் இரண்டுமே படவில்லை. 191.

வென்றால் ‘ஜெயிச்சுட்டோம்’, தோற்றால் ‘தோத்துட்டானுங்க’ என்பது ரசிகர்கள் வழக்கம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, போட்ட டீ ஆறிக்கொண்டிருக்க, பெரியவர் சொன்னது “தோத்துட்டோம்ப்பா.” கட்சி மாறாத அந்த ‘ஓம்’ என் காதில் இன்னும் இருக்கிறது.

பிறகு மெல்லப் பேச்சு எழுந்தது. அதே ஆட்கள், அதே ‘ஆ’. “அந்த சிக்ஸு மட்டும் வெளிய போகாம இருந்திருந்தா...” “ஜட்டு ஒண்ணு மட்டும் போட்டிருந்தா...” “நாம குஜராத்த அன்னைக்கே ஜெயிச்சிருந்தா...” முந்தைய நாள்வரை ‘ஜெயிச்சா’ என்று முன்னே பார்த்துத் திறந்திருந்த சொல்லின் நடுவில், ஒரே இரவில் ஒரு ‘இருந்’ வந்து நுழைந்திருந்தது. காலத்தைப் பின்னுக்குத் திருப்ப மொழிக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது எல்லோருடைய குரலும் அந்த அசையில் ஒரு நொடி தங்கிப் போனது.

பலகையை ஒருவரும் துடைக்கவில்லை. நான்காவது வரியில் பெங்களூர் 0.459, அதற்குக் கீழே சென்னை 0.392. காலையில் யாரோ வந்து எழுதியிருந்தார்கள், புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைத்து.