டிராகன் ஆட்டமும் காமன் கூத்தும்: பண்பாட்டுப் பரிவர்த்தனை பற்றிய ஒரு நோக்கு

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டப் பாடசாலைச் சிறுவர் பண்பாட்டுப் பரிவர்த்தனையின் பொருட்டுச் சீன டிராகனைச் செய்து ஆடுவதாயின், அதனை எவ்வாறு மதிப்பிடுவது? பிறநாட்டுக் கலை என ஒதுக்குவதும், புதுமையெனக் கைதட்டுவதும் விமர்சனமாகா. அவ்வாட்டம் எத்தகைய சமூக வாழ்விற் பிறந்தது, வந்து சேருமிடத்தில் எதனைச் சந்திக்கின்றது என்பனவே முதற்கண் எழும் வினாக்கள்.

சீன மரபில் டிராகன் நீருக்கும் மழைக்கும் உரியது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு அறிஞர் தொங் சொங்ஷூவின் பெயரால் வழங்கும் நூலொன்று மழை வேண்டும் சடங்கினை விவரிக்கின்றது. இளவேனிற் காலத்தில் எட்டுச் சிறுவர் மூன்று நாள் நோன்பிருந்து, பச்சையுடை தரித்து ஆடினர் என்பதை அதிலிருந்து அறிகின்றோம். வானத்தை நம்பி வாழ்ந்த உழவரின் வேட்கையே இவ்வாட்டத்தின் வேர். இன்றைய டிராகனோ மூங்கில் வளையங்களின்மேல் துணி போர்த்தி, கம்புகளில் ஏந்தப்படுவது. முன்செல்லும் முத்தினைத் தொடர்ந்து பலர் ஓருடலாய் அசைகின்றனர். ஒருவர் அடி பிசகினால் முழுவுடலும் குலைகின்றது. கூட்டுழைப்பே அதன் அழகியல்.

மலையகத்துக்குச் சீனம் முற்றிலும் புதியதன்று. தேயிலை என்னும் சொல்லின் முற்பகுதியே சீனத்தின் மின் மொழி வழக்கிலிருந்து ஐரோப்பியர் வாயிலாக வந்ததாகும். புசல்லாவை றொத்ஸ்சைல்ட் தோட்டத்தில் 1841இல் சீனத் தேயிலைக் கன்றுகள் நடப்பட்டன. 1952இல் இலங்கை சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டபோது, அவ்விறப்பருக்குப் பால்வெட்டியோரிற் பலர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர். நாடுகளிடையே நிகழ்ந்த பரிவர்த்தனையின் சுமையைத் தாங்கியவர்களுக்கு அதில் பேசும் உரிமை இருக்கவில்லை.

பண்பாட்டுப் பரிவர்த்தனையிலும் இந்நிலை தொடரலாகாது. இச்சிறுவரின் லயங்களிலேயே காமன் கூத்து வாழ்ந்து வருகின்றது. மாசியிற் காமன் நடுதலுடன் தொடங்கி, மன்மதன் எரிக்கப்படுதலும் இரதியின் புலம்பலுமாக வளரும் இக்கூத்தில், பாத்திரமேற்போர் விரதங் காக்கின்றனர், தப்பு முழங்குகின்றது, தோட்டம் முழுவதும் பங்குகொள்கின்றது. நோன்பும் கூட்டுணர்வும் சீனச் சிறுவரின் மழையாட்டத்துக்கும் இதற்கும் பொதுவானவை. எனினும் தப்பினைச் சாதி இழிவின் சின்னமாகக் கொள்ளும் மனப்பாங்கு அதனை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துகின்றது. மலையகத்தின் பெயரால் மேடையேறுவதோ பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் நடனமே. அங்கே கூடையும் புன்னகையும் உண்டு. அட்டைக்கடியும் கொழுந்து நிறுக்குமிடத்துத் தகராறும் இல்லை. உழைப்பு, உழைப்பவரின் குரலின்றி, அலங்காரமாகிவிடுகின்றது.

பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சி இங்கு உரைகல்லாகின்றது. 1960களிற் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மாணவரைக் கொண்டு அவர் மேடையேற்றினார். விடியுமட்டும் ஆடப்பட்ட கூத்து சுருக்கப்பட்டது; வட்டக்களரியை விட்டுப் படச்சட்ட மேடைக்கு வந்தது. இவை இழப்புகளே. ஆயினும் கற்றோர் இகழ்ந்த கலை பல்கலைக்கழகத்தில் மதிப்புப் பெற்றது. ஏடறியாப் பாமரர் கலை என்ற ஏளனம் தளர்ந்தது. மட்டக்களப்புக் கூத்துக்குக் கிடைத்த அம்மதிப்பு மலையகக் கூத்துக்கு இன்னும் உரியவாறு கிட்டவில்லை.

ஆதலின் டிராகனைத் தடுத்தல் தீர்வாகாது. மூங்கில் வளைத்துக் கூட்டாக அடியெடுக்கும் பயிற்சி சிறுவருக்கு நன்மையே தரும். ஆனால் அதனைக் கற்பிக்கும் பாடசாலை, தோட்டத்துக் காமன் கூத்து மாஸ்டரையும் தப்படிப்பவரையும் ஆசிரியராக மதித்து உள்ளே அழைத்தல் வேண்டும். விருந்தினரிடம் ஆட்டத்தைப் பெறும் சிறுவன், பதிலுக்குத் தன் பாட்டன் ஆடிய கூத்தை நாணமின்றி அளிக்கக்கூடிய நிலை உருவாக வேண்டும். கொடுக்கத் தன்பால் ஏதுமில்லை என ஒரு தலைமுறை நம்பவைக்கப்படும் இடத்திற் பரிவர்த்தனை என்னும் சொல் பொருளற்றுப்போகின்றது.