கெந்தலும் நொண்டியும்

ஒரு காலை மடக்கித் தூக்கிக்கொண்டு மறுகாலால் துள்ளித் துள்ளிச் செல்வதைத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் நொண்டி என்றும், யாழ்ப்பாணத்துக் குழந்தைகள் கெந்தல் என்றும் சொல்லுகிறார்கள். சொல் வேறாயினும் செயல் ஒன்றே. அதைக் கற்பிக்கப் புகும் இளம் ஆசிரியருக்கு நேரும் இடர்ப்பாடும் இரு தேசங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அந்த இடர்ப்பாட்டை மணி அடித்ததும் மறந்துவிடாமல், அதை எடுத்துவைத்து ஆராய்ந்து மறுநாள் பாடத்தைத் திருத்திக்கொள்வதற்கு அவருக்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது, அவ்வேளையில் அவர் அருகே அமர்ந்து கேட்பவர் யார் என்னும் விஷயத்தில் இவ்விரு நாடுகளும் வேறுபடுகின்றன. ஆரம்பப் பள்ளியின் தேகாப்பியாச வகுப்பைப் பற்றி எழுத எனக்கு எண்ணம் உண்டானது அந்த வேறுபாட்டைப் பிரத்தியட்சமாகக் கண்ட பிறகுதான்.

நான் தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 36 பேரை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, மேற்பார்வைக்கு வந்திருந்த விரிவுரையாளர் முன்னிலையில் பந்து கொண்டோடும் பாடம் ஒன்றை நடத்தினேன். சுண்ணாம்புப் பொடியால் நேரான கோடுகள் போட்டு, வரிசைக்கு ஒன்பது பேராக நான்கு வரிசைகளில் குழந்தைகளை நிறுத்தி, வரிசைக்கு ஒரு பந்து கொடுத்து, விசில் ஊதி, ஓடியவர் திரும்பி வந்ததும் அடுத்தவர் ஓடும் வண்ணம் கிரமமாக நடத்திய அந்தப் பாடத்தைப் பார்த்தவர், ஒழுங்கு நன்று, குரல் தெளிவு என்று என் ஏட்டில் எழுதிக் கையொப்பமிட்டார். மணி அடித்து எல்லாரும் வகுப்புக்குத் திரும்பும்போது, வரிசையின் கடைசியில் நின்ற சிறுமி ஒருத்தி என் கையைப் பற்றி, "சார், இன்னொரு தடவை எனக்குப் பந்து வராதா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. முப்பது நிமிஷப் பாடத்தில் வரிசை கட்டுவதற்கும் விதி சொல்வதற்கும் பத்து நிமிஷம் போயிற்று. எஞ்சிய இருபது நிமிஷத்தை ஒரு வரிசையின் ஒன்பது குழந்தைகளுக்குப் பங்கிட்டால், ஆளுக்கு இரண்டு நிமிஷமும் சில விநாடியும்தான் தேறுகின்றன. பதினேழு நிமிஷத்துக்கு மேல் ஒவ்வொரு குழந்தையும் முன்னே நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறது. உடலை அசைக்கவென்று அழைத்துச் சென்று, அசையாமல் நிறுத்திவைத்துவிட்டேன் என்பது அந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் இதை எழுதுவதற்கு என் பதிவேட்டில் இடம் இருக்கவில்லை. எழுதினாலும் வாசிப்பார் எவரும் இல்லை. மறுநாள் எனக்குக் கணக்குப் பாடம். அதற்கு மறுநாள் தமிழ். அந்தப் பயிற்சிக் காலத்தில் மைதானத்துக்கு நான் மறுபடியும் செல்லவேயில்லை.

வரிசையும் விசிலும் எங்கிருந்து வந்தன என்பது பழைய கதை. அந்நியர் ஆட்சியில் பள்ளிக்கூடத் தேகாப்பியாசம் என்பது பெரும்பாலும் பட்டாளத்து டிரில்லாகவே இருந்தது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்து, விளையாட்டின் வழியே உடலைப் பண்படுத்தும் முறையை உபாத்தியாயர்களுக்குக் கற்பித்தார். இலங்கையிலிருந்தும் மாணாக்கர் அங்கே வந்து பயின்று திரும்பினார்கள். அவ்வகையில் இரு நாட்டு மைதானங்களுக்கும் ஒரு பொது மூதாதை உண்டு. எனினும் அந்தப் புதுமை உயர்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் சென்று சேர்ந்ததே அன்றி, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளைச் சரிவர எட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைகூட, நூறு குழந்தைகளுக்கு மேற்பட்ட பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று சொல்லும் அதே அட்டவணை, ஆரம்ப வகுப்புகளின் மைதானத்தில் யார் நிற்பது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. ஆகையால் எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் வகுப்பாசிரியரே அங்கேயும் நிற்க வேண்டியவராகிறார்.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி எழுந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் அவர் இரண்டு ஆண்டு பயில்கிறார். அதற்கிடையே பள்ளிக்குச் சென்று கற்பித்துத் திரும்புகிறார். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த விதிகள் அந்தப் பள்ளி வாசத்தை நீட்டியது நல்ல காரியம். ஆனால் நீண்ட நாட்களிலும் உடற்கல்வியின் பங்கு சிறியதே.

இலங்கையிலோ அமைப்பு வேறு. 1986ஆம் ஆண்டின் சட்டத்தால் நிலைபெற்ற கல்வியியற் கல்லூரிகளில் ஆசிரிய மாணவர்கள் இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் பயின்று, மூன்றாம் ஆண்டு முழுவதையும் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சியாகக் கழிக்கிறார்கள். தை மாதம் முதல் தவணையில் அறிமுகமாகும் பிள்ளையை மார்கழி வரை தினந்தோறும் பார்க்கும் பாக்கியம் அவர்களுக்கு உண்டு. அன்றியும், 1990களின் கடைசியில் அங்கே வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்னும் மூன்றையும் கற்பித்தலின் வழிகளாகவே கொண்டு, முதலிரண்டு தரங்களில் விளையாட்டுக்கு முதன்மை கொடுத்தது. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் பரவிய காலத்தில் செயல் பெரும்பாலும் அட்டைகளிலும் பாயிலும் தங்கிவிட்டதை எண்ணும்போது, இது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு சிறு பாடசாலைக்கு நான் சென்றிருந்தபோது, கட்டுறுப் பயிற்சியில் இருந்த பெண் ஒருவர் இரண்டாம் தரப் பிள்ளைகளைக் கோட்டுக்குக் கோடு கெந்தவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு சிறுவன் மட்டும் கெந்தாமல் இரு காலாலும் ஓடினான். இரண்டு முறை சொல்லியும் கேளாமையால் அவனை அவர் ஓரமாக நிறுத்திவைத்தார். பாடம் முடிந்ததும் வேப்பமர நிழலில், அப்பாடசாலையின் மூத்த ஆசிரியை ஒருவர் அவரைக் கூப்பிட்டு அருகே இருத்திக்கொண்டார்.

"பிள்ளை, அந்தப் பொடியனை ஏன் ஓரத்திலை விட்டனீர்?"

"சொல்லுக் கேக்கிறானில்லை, ரீச்சர்."

"கேக்காமலில்லைப் பிள்ளை, அவனுக்கு ஏலாமல் கிடக்கு. நாளைக்கு ஒவ்வொரு காலாலையும் தனியக் கெந்தவிட்டுப் பாரும்."

மறுநாள் நானும் பார்த்தேன். வலக்காலால் நான்கு முறை துள்ளிய அச்சிறுவன், இடக்காலைத் தரையிலிருந்து ஒரு முறைகூட எழுப்ப இயலாமல் தடுமாறினான். ஒற்றைக் காலில் உடலைத் தாங்கி நிற்கும் திறன் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வயதில் வாய்ப்பதில்லை. ஒரு காலுக்கு வந்து மறுகாலுக்கு வராதிருப்பதும் உண்டு. அந்தப் பெண் அவனுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கொடுத்தார். பிறகு தம் விரலைக் கொடுத்தார். நான் புறப்படும் வரையில் அவன் இடக்காலால் துள்ளியதை நான் காணவில்லை. ஆயினும் அவன் ஓரத்தில் நிற்கவில்லை. என் பயிற்சிக் காலத்தில் எனக்குக் கிடைக்காத மறுநாளும் மரத்தடியும் அவருக்குக் கிடைத்திருந்தன.

இலங்கையில் எல்லாம் செவ்வனே நடக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. முதல் தவணையில் வரும் இல்ல விளையாட்டுப் போட்டி அங்கே ஊர்த் திருவிழாவுக்கு நிகரானது; இல்லங்களின் அலங்காரமும் அணிநடையும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் பழைய மாணவரின் கயிறிழுத்தலும் கண்கொள்ளாக் காட்சிகள்தாம். ஆனால் அதற்குரிய ஆயத்தத்தில் கட்டுறுப் பயிற்சியாளரின் வாரங்கள் பல கரைந்துபோகின்றன. ஓட வல்ல பிள்ளைகள் ஓட, மற்றவர்கள் வெயிலில் கொடி பிடித்து நிற்கிறார்கள். அந்த வாரங்களில் வேப்பமர நிழலில் இருந்து பேச யாருக்கும் நேரமில்லை என்று அந்த மூத்த ஆசிரியையே வருத்தத்துடன் சொன்னார்.

தமிழ்நாட்டின் சிறு கிராமங்களில் நான் கண்டு மகிழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளிகளில் ஐந்து வகுப்புகளும் ஒன்றாகவே மைதானத்துக்கு வருகின்றன. அங்கே ஐந்தாம் வகுப்புச் சிறுமி பாண்டிக் கட்டங்களைத் தரையில் கீறி, ஒன்றாம் வகுப்புத் தங்கையின் கையைப் பிடித்து நொண்டக் கற்பிப்பதைக் கண்ணுற்ற பயிற்சி ஆசிரியர், எந்தப் பாடநூலிலும் காணாததைக் காண்கிறார். தரம் தரமாகப் பிரித்து நடத்தும் பெரிய பாடசாலையில் இந்தக் காட்சி அரிது. இது குறைவசதியால் நேர்ந்த நன்மைதான், ஆயினும் நன்மையே.

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய பின், என் பொறுப்பில் இருந்த பயிற்சி மாணவர்களின் ஏட்டில் ஒரு பக்கத்தை ஒழித்துவைத்து, இன்று நீங்கள் கவனித்த ஒரே ஒரு குழந்தையைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எழுதியதை மாலையில் அவர்களோடு உட்கார்ந்து வாசித்தேன். முதல் வாரத்தில் பலரும், குழந்தைகள் ஆர்வமாகப் பங்கேற்றனர் என்றே எழுதினார்கள். அதற்கடுத்த வாரம் ஓர் இளைஞர், மூன்றாம் வரிசைப் பையன் பந்து அருகே வரும்போது முகத்தைத் திருப்பிக் கண்களை மூடிக்கொள்கிறான் என்றும், இத்தனை நாளும் அவனைக் கவனமில்லாதவன் என்று தாம் நினைத்திருந்ததாகவும், நாளைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டிப் பன்னிரண்டு துணிப்பந்துகள் கட்டிக்கொண்டு வரப்போவதாகவும் எழுதியிருந்தார்.