பழுதுப் பட்டியலும் பழைய போர்ஷே காரும்

சமையல் வாயு உருளையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அறிய நாம் என்ன செய்கிறோம்? தூக்கிப் பார்க்கிறோம், அசைத்துப் பார்க்கிறோம். உள்ளே உள்ள அழுத்தத்தை அளந்து பார்ப்பதில்லை. அளந்தாலும் பயன் இராது. உருளையில் ஒரு குவளை திரவம் எஞ்சியிருக்கும் வரை, வெப்பநிலை மாறாதிருந்தால் அழுத்தமும் ஏறத்தாழ மாறாதிருக்கும். தெவிட்டிய ஆவியின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததேயன்றித் திரவத்தின் அளவைப் பொறுத்ததன்று. புகுமுக வகுப்பில் படித்த பாடந்தான் இது.

ஆனால் மோட்டார் கார் குளிர்சாதனப் பழுதுகளுக்கென அச்சிடப்படும் பட்டியல்களைப் பார்த்தால், இந்தப் பாடத்தைப் பட்டியல் எழுதியவர்கள் மறந்துவிட்டார்களோ என்ற ஐயம் எழுகிறது. அவற்றின் அமைப்பு அநேகமாக ஒன்றே. தாழ்அழுத்தப் பக்கத்துக்கு நீலமானி, உயர்அழுத்தப் பக்கத்துக்குச் சிவப்புமானி. இரண்டும் குறைவாகக் காட்டினால் வாயு குறைவு. இரண்டும் கூடுதலாகக் காட்டினால் வாயு மிகுதி. நீலம் கூடிச் சிவப்பு குறைந்தால் கம்ப்ரஸர் பழுது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள். இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆயினும் அறிகுறிக்கு எதிரே காரணத்தை எழுதிவிட்டு, இரண்டுக்கும் இடையேயுள்ள இயற்பியலை விழுங்கிவிடும் இம்முறை நல்ல முறையன்று என்பதே என் வாதம். புதிய காரில் இதை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இது ஆளைத் தவறான பாதையில் நடத்திவிடும்.

சான்றாக ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் போர்ஷே 911 வகையில் 1984 முதல் 1989 வரை விற்பனையான 3.2 லிட்டர் கரேரா. இதன் எஞ்சின் பின்புறத்தில் இருக்கிறது, காற்றால் குளிர்விக்கப்படுவது. கம்ப்ரஸர் எஞ்சினோடு பின்னால். ஆவியாக்கியோ முன்புறச் சாமான் அறையின் அடியில். எனவே குளிர்பதன வாயு காரின் முழு நீளத்தையும் ரப்பர் குழாய்களில் கடந்து போய்த் திரும்ப வேண்டும். வாயுவின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர்களில் ஒன்று முன்பக்கம் பம்பருக்குக் கீழே. மற்றொன்று எங்கே தெரியுமா? எஞ்சின் மூடியில், கொதிக்கும் எஞ்சினுக்கு நேர் மேலே! அடுப்பின் மேல் பரணில் தயிர்ப்பானையை வைத்த கதைதான். கார் ஓடும்போது எஞ்சினின் விசிறி வெளிக்காற்றை இந்தக் கண்டென்சர் வழியாக உறிஞ்சிக்கொள்வதால் ஓரளவு சமாளிக்கும். நெரிசலில் நின்றால் விசிறியின் வேகமும் குறையும், கீழிருந்து வெப்பமும் ஏறும்.

இப்போது பட்டியலைக் கையில் எடுங்கள். கார் நின்றபடி எஞ்சின் ஓடுகிறது. இரண்டு மானிகளும் கூடுதல் காட்டுகின்றன. "வாயு மிகுதி, சிறிது வெளியேற்றுக" என்கிறது கட்டம். பின்கண்டென்சர் வெப்பத்தை விடமுடியாமல் திணறுவதாலும் இதே நிலை தோன்றுமே! எதுவென்று கண்டறிய எளிய வழி உண்டு. ஒரு பெரிய மின்விசிறியைக் கண்டென்சருக்கு நேரே வைத்துப் பாருங்கள், அல்லது அதன்மேல் நீரைத் தெளியுங்கள். சிவப்பு முள் விரைவில் கணிசமாக இறங்கினால் கோளாறு காற்றோட்டத்தில். வாயுவில் கை வைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு: உள்ளே புகுந்த சாதாரணக் காற்று. இதைப் பிடிக்க டால்டனின் பகுதி அழுத்த விதி போதும். எஞ்சினை நிறுத்தி, கார் முழுதும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் விட்டுவிடுங்கள். 30 டிகிரி செல்சியசில் ஆர்-12 என்ற பழைய வாயுவுக்கு மானி ஏறத்தாழ 6.4 பார் காட்ட வேண்டும். அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால், மிகுதியான பங்கு வேறொரு வாயுவுடையது. குளிராத காற்று கண்டென்சரில் குந்திக்கொண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று பொருள். மாறாக, சரியாக 6.4 காட்டினால் "வாயு நிறைந்திருக்கிறது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாதி தீர்ந்திருந்தாலும் அதே 6.4தான். உள்ளதை முழுவதும் மீட்டெடுத்து, வெற்றிடமாக்கி, எடைபோட்டு நிரப்புவதே அளவை உறுதிப்படுத்தும் வழி. மானியைப் பார்த்து நிரப்புகிறவர் ஊகிக்கிறார், அவ்வளவே.

இன்னொரு சிக்கல். கார் சிறிது நேரம் நன்றாகக் குளிர்கிறது, பிறகு நின்றுவிடுகிறது, அணைத்துவைத்து மீண்டும் போட்டால் மறுபடி குளிர்கிறது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. வாயுவில் கலந்த ஈரம் விரிவு வால்வின் சிறு துளையில் உறைந்து வழியை அடைப்பது ஒன்று. வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டு, ஆவியாக்கியின் வெளிப்புறம் பனிக்கட்டியால் மூடிக்கொள்வது மற்றொன்று. முதல் பழுதில் நீலமுள் வெற்றிடத்தை நோக்கிச் சரியும். வாயிலில் வரும் காற்றின் அளவு குறையாது, குளிர்ச்சிதான் போகும். இரண்டாவதில் காற்றே மெலிந்துபோகும். இந்த வேறுபாட்டை அறிய ஒரு காகிதத் துண்டு போதும்! முதலாவதற்கு ஈரம் உறிஞ்சும் உலர்த்தியை மாற்றி, நெடுநேரம் வெற்றிடமாக்க வேண்டும். இரண்டாவதற்கு வாயுப் பாதையைத் திறக்கவே தேவையில்லை. காரணம் தெரியாமல் திறந்தவர் புது ஈரத்தையும் உள்ளே விட்டு, இல்லாத பழுதையும் வரவழைத்துக்கொள்வார்.

இந்த இடத்தில், பழைய பட்டியல்களில் தாராளமாக வரும் "வெளியேற்றுக" என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்-12இல் உள்ள குளோரின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தனர். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. அமெரிக்காவில் 1992 முதல் அதைக் காற்றில் திறந்துவிடுவதே சட்டவிரோதம். புதிதாக உற்பத்தி செய்வதும் 1995 முடிவோடு நின்றுபோயிற்று. அதற்கு முன் அச்சான கைநூலை இன்று பின்பற்றுகிறவர் இந்த ஒரு சொல்லை மட்டுமாவது அடித்துவிட்டு, "மீட்டெடுக்கும் கருவியில் சேமிக்க" என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏயை இந்தக் கார்களில் நிரப்பிவிட்டு, "முன்போல் குளிரவில்லை, கம்ப்ரஸர் போய்விட்டது" என்று சொல்வோர் உண்டு. எண்களைப் பாருங்கள். 0 டிகிரியில் இரண்டு வாயுக்களின் தெவிட்டிய அழுத்தமும் 3 பாரை ஒட்டியதே. 60 டிகிரியிலோ ஆர்-12க்கு ஏறத்தாழ 15 பார், ஆர்-134ஏக்கு ஏறத்தாழ 17 பார். அதாவது, ஏற்கெனவே திணறும் கண்டென்சர்மேல் புதிய வாயு இன்னும் சுமையை ஏற்றுகிறது. பழைய கனிம எண்ணெய் இதில் கரையாது என்பதால் எண்ணெயையும் மாற்றியாக வேண்டும். பழைய ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவே வாயு மெல்லக் கசியக்கூடியது. ஆகவே உட்புறம் நைலான் படலமிட்ட குழாய்கள் நல்லது. வாயுவை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரைக் குறை கூறுவது நியாயமன்று.

கசிவைப் பற்றிச் சொல்லும்போது, குளிர்நாடுகளுக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய கார்களைப் பனிக்காலம் முழுவதும் கொட்டகையில் பூட்டிவைப்பது அங்கே வழக்கம். மாதக்கணக்கில் சுற்றாத கம்ப்ரஸரின் அச்சைச் சுற்றியுள்ள அடைப்பில் எண்ணெய் வற்றி, அந்த வழியே வாயு போய்விடும். வசந்தத்தில் சாவியைத் திருப்பும்போது "புதிய" பழுது தயாராக இருக்கும்.

எல்லாவற்றிலும் என்னை வியக்கவைப்பது பட்டியலில் இடமே பெறாத ஒரு பழுது. இந்தக் காரில் வெந்நீர் கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றின் ஒரு பகுதியைப் புகைபோக்கிக் குழாயைச் சுற்றி ஓடவிட்டுச் சூடாக்கி, அதைத்தான் பனிக்காலத்தில் உள்ளே அனுப்புகிறார்கள். வேண்டாதபோது அதைத் தடுப்பவை காரின் அடியில், மழையும் சேறும் படும் இடத்தில் உள்ள இரண்டு தகட்டுக் கதவுகள். துருப்பிடித்து அவற்றுள் ஒன்று சிறிதே திறந்து நின்றாலும் கோடையில் சூடான காற்று ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். நீலமுள் சரி, சிவப்பு முள் சரி, வாயுவின் எடை சரி, நடுவாயிலில் பிடித்த வெப்பமானியும் நல்ல குளிர்ச்சியையே காட்டுகிறது. ஓட்டுகிறவர் மட்டும் வியர்த்துக்கொண்டிருக்கிறார். குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, வெப்பக் காற்றுக்கான நெம்பையும் மூடிவிட்டு, காரைக் கால்மணி நேரம் ஓட்டியபின் கால்பக்கத்துத் துளையில் புறங்கையை வைத்துப் பார்க்கட்டும். சூடு தட்டினால் அவர் படுத்துப் பார்க்க வேண்டிய இடம் காரின் அடிப்புறம்.