ஐந்து முடிகளும் ஒரு பிடிலும்

பத்துக் கதைகள், பத்துப் பாட்டுகள். ஏஞ்சலா கார்ட்டரின் 'தி பிளடி சேம்பர்' தொகுப்புக்கு நான் ஒரு பிளேலிஸ்ட் போட்டேன். 1979இல் வெளிவந்த புத்தகம். நீலத்தாடிக்காரன், அழகியும் மிருகமும், சிவப்புத் தொப்பிச் சிறுமி, பூட்ஸ் போட்ட பூனை என்று ஐரோப்பியக் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதைகளை எடுத்து, அவற்றுக்குள் ஏற்கனவே பதுங்கியிருந்த ரத்தத்தையும் காமத்தையும் வெளியே இழுத்துப்போட்ட எழுத்து. இரண்டாம் முறை வாசித்தபோது ஒவ்வொரு கதை முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதற்கேற்ற பாட்டைத் தேடினேன். காட்டேரிக் கதைக்குத் தாழ்ந்த செல்லோ, பனிக் கதைக்குத் தனிப் பியானோ, ஓநாய்களுக்கு வடதேசக் குரல் ஒன்று. பத்தும் சேர்ந்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. புத்தகத்தையும் பட்டியலையும் தங்கைக்கு அனுப்பினேன்.

நிச்சயமான கல்யாணத்தை நிறுத்திவிட்டு அவள் வீட்டில் இருந்த சமயம் அது. ஏன் நிறுத்தினாள் என்பது இங்கே வேண்டாம். அவளுக்கு இந்தப் புத்தகம் டானிக் மாதிரி இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். குறிப்பாக 'தி எர்ல்-கிங்'. காட்டில் வசிக்கும் ஒருவன், அவன் குடிசை நிறையக் கூண்டுகள், கூண்டுகளில் பறவைகளாக மாற்றப்பட்ட பெண்கள். அவனிடம் மயங்கிப் போகிற பெண், தனக்கும் ஒரு கூண்டு தயாராகிறது என்று தெரிந்ததும் அவன் முடியாலேயே அவனை நெரித்துக் கொன்று கூண்டுகளைத் திறக்கிறாள். விடுதலைக் கதை என்றுதான் பல வருஷமாக நான் எல்லாருக்கும் சொல்லிவந்தேன்.

ஒரு வாரம் கழித்து வாய்ஸ் நோட் வந்தது. "அண்ணா, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கதையில ஏற்கனவே இருக்கறதையேதான் அதுவும் சொல்லுது. பயமா இருக்கற எடத்துல பயமா ஒரு மியூசிக். எதுக்கு?" கொஞ்சம் இடைவெளி. "அப்புறம், அந்த எர்ல்-கிங் கதை முடிவுல பிடில் அவளை ஏன் அம்மான்னு கூப்பிடுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த இடத்தை ஒவ்வொரு முறையும் தாண்டிப் போயிருக்கிறேன் என்பதே அப்போதுதான் உறைத்தது.

முதல் கேள்வி சுலபம், அது பழக்கதோஷம். சிச்சுவேஷன் சொல்லி மெட்டு வாங்குகிற சினிமாவில் வளர்ந்தவர்கள் நாம். மழை என்றால் மழைப் பாட்டு, பிரிவு என்றால் பிரிவுப் பாட்டு. நான் செய்ததும் அதேதான். கதைகளுக்கு 'இருட்டு', 'குளிர்', 'காமம்' என்று டேக் போட்டு, அதே டேக் உள்ள பாட்டைப் பக்கத்தில் வைத்தேன். ஒரே தகவலை இரண்டு இடத்தில் சேமித்து வைப்பது என் வேலையிலேயே கெட்ட பழக்கம். வாசிப்பில் அதைவிட மோசம். பாட்டு கதையின் மேல் போர்வையாகப் படிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் கார்ட்டரின் கதைகளுக்குள்ளேயே இசை இருக்கிறது. தலைப்புக் கதையின் நாயகி ஒரு பியானோ மாணவி. கல்யாணத்துக்கு முன் கணவன் அவளை வாக்னரின் 'டிரிஸ்டான்' ஓபராவுக்கு அழைத்துப் போகிறான். சாவும் காதலும் ஒன்றாகக் கரைகிற இசை. அவனுடைய பழைய மனைவியரில் ஒருத்தி அதே ஓபராவில் பாடிப் புகழ்பெற்றவள் என்பதையும், அவளுடைய உடல் எங்கே இருக்கிறது என்பதையும் பிற்பாடு தெரிந்துகொள்கிறோம். ரகசிய அறையைப் பார்த்துவிட்டு வந்த இரவில் அந்தப் பெண் பியானோ முன் உட்கார்ந்து பாக்கை வாசிக்கிறாள். ஒரு பிழையும் இல்லாமல் வாசித்து முடித்தால் நடந்தது எதுவும் நடக்காததாகிவிடும் என்று ஒரு குழந்தைத்தனமான பேரம். வாக்னர் அவனுடைய இசை, பாக் அவளுடையது. நானோ அந்தக் கதைக்கு 'டிரிஸ்டா'னைத்தான் போட்டிருந்தேன். கொலைகாரனின் ரசனைக்கு ஓட்டுப் போட்டிருக்கிறேன்!

மற்றவற்றில் சில சட்டென்று தீர்ந்தன. பூட்ஸ் போட்ட பூனைக்குக் கார்ட்டர் வைத்த பெயரே ஃபிகாரோ, அங்கே தேட ஒன்றுமில்லை. 'தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்' கதையில் ஜன்னலுக்கு வெளியே ஓநாய்களின் ஊளையே கல்யாணப் பாட்டாகிவிடுகிறது. அதற்கு மேல் இன்னொரு பாட்டு எதற்கு? காட்டேரிக் கதையின் பிறப்பே ஒரு சத்தத்தில்தான். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் சும்மா பென்சிலை ஓட்டியபோது, நீண்ட நகம் ஒன்று பறவைக் கூண்டின் கம்பிகளை வருடுவது போலக் கேட்டதாம். அந்த நகம் யாருடையது என்று யோசித்து முதலில் ஒரு வானொலி நாடகம் எழுதினார், பிறகு அது சிறுகதையானது. 'தி கோர்ட்ஷிப் ஆஃப் மிஸ்டர் லயன்' எனக்கு எப்போதும் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், எந்தப் பாட்டும் அதைக் காப்பாற்றவில்லை.

மிச்சம் இருந்தது எர்ல்-கிங்கும் தங்கையின் இரண்டாவது கேள்வியும்.

அந்தப் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு பக். டேனிஷ் நாட்டுப்பாடலில் இருந்தது வனமோகினிகளின் ராஜா. 1770களில் ஹெர்டர் அதை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தபோது அவன் ஆல்டர் மரத்தின் ராஜாவாகிவிட்டான். அந்தப் பாடலில் கொல்வது ராஜா இல்லை, அவன் மகள். சாவது ஒரு வீரன். 1782இல் கதே எழுதிய கவிதையில் மகள்கள் ஆசை காட்டும் பொருளாகப் பின்னால் போய்விடுகிறார்கள், கொல்வது ராஜா. காய்ச்சல் கண்ட பையனை அணைத்துக்கொண்டு இரவில் குதிரையில் விரைகிறான் ஒரு தகப்பன். ராஜா கூப்பிடுவது பையனுக்கு மட்டும் கேட்கிறது. அப்பா, கேட்கலையா என்று அவன் கதறக் கதற, அது வெறும் காற்று, வெறும் மூடுபனி என்று சமாதானம் சொல்கிறான் தகப்பன். வீடு வந்து சேரும்போது பையன் இறந்திருக்கிறான்.

1815இல் ஷூபர்ட் இதற்கு இசையமைத்தபோது அவருக்கு வயது 18. பியானோவில் வலது கை ஒரே சுரத்தை எண்ம இடைவெளியில், மும்மூன்றாக, நிற்காமல் தட்டிக்கொண்டே போகிறது. அதுதான் குதிரை. கதைசொல்லி, தகப்பன், பையன், ராஜா என்று நான்கு குரல்களையும் ஒரே பாடகர் பாடவேண்டும். ராஜா பேசும்போது மட்டும் இசை இனிப்பாகிவிடும். பையனின் கதறல் ஒவ்வொரு முறையும் இன்னும் மேலே ஏறும். முடிவில் குதிரை நிற்கிறது, பியானோ கிட்டத்தட்ட அடங்கிவிடுகிறது, பாடகர் பேசுவது போல மரணத்தைச் சொல்லி முடிக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டுக் கார்ட்டரிடம் திரும்பினேன். ஒரே தொண்டையில் நான்கு பேர் என்ற ஷூபர்ட்டின் வித்தையைத் தலைகீழாக்கினால் இந்தக் கதை. இங்கே ஒருத்திதான் பேசுகிறாள், ஆனால் அவள் சிதறுகிறாள். 'நீ' என்று ஆரம்பிக்கிற கதை 'நான்' ஆகிறது, கொலைக்குப் பிறகு 'அவள்' ஆகிறது. அந்தக் கொலையும் நடந்துவிடவில்லை. நெரிப்பேன் என்கிறாள், திறப்பாள் என்கிறது கதை. எல்லாமே எதிர்காலம். இத்தனை வருஷமாக நான் கொண்டாடிய விடுதலை இன்னும் நடக்காத ஒன்று!

இனி பிடில். அவன் குடிசைச் சுவரில் நரம்பில்லாமல் தொங்கும் பழைய பிடில் அது. அவனைக் கொன்றபின் அவனுடைய முடியில் ஐந்தை எடுத்து நரம்பாகப் பூட்டுவாள். யாரும் தொடாமலே அது இசைக்கும். அம்மா, என்னைக் கொன்றுவிட்டாயே என்று ஓலமிடும். கதை அங்கே முடிகிறது.

தானாக இசைக்கிற பிடிலுக்கு வேறொரு பாட்டு இருக்கிறது. கார்ட்டர் 60களில் பிரிஸ்டலில் கணவரோடு சேர்ந்து நாட்டுப்பாடல் மன்றம் நடத்தியவர், கான்செர்டினா வாசித்தவர், இசைத்தட்டு உறைகளுக்குக் குறிப்பு எழுதியவர். பாலி பாலுஸ்மா என்ற பாடகி இந்தத் தொடர்பை ஆராய்ந்து, 2021இல் 'இன்விசிபிள் மியூசிக்' என்ற ஆல்பமும் வெளியிட்டார். அப்படிப்பட்டவருக்கு 'தி ட்வா சிஸ்டர்ஸ்' என்ற பாலட் கட்டாயம் தெரிந்திருக்கும். அக்கா தங்கையை ஆற்றில் தள்ளிக் கொல்கிறாள். கரை ஒதுங்கிய உடலின் மார்பெலும்பிலும் கூந்தலிலும் ஒரு பாணன் இசைக்கருவி செய்கிறான். அது தானாகவே பாடி, கொன்றவளைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆக, அந்தப் பிடிலில் இரண்டு பாட்டுகள் பின்னிக் கிடக்கின்றன. கருவி நாட்டுப்பாடலுடையது. கதறல் ஷூபர்ட்டின் பையனுடையது, 'அப்பா' மட்டும் 'அம்மா' ஆகிவிட்டது. கொல்கிற கையோ பழைய டேனிஷ் மகளிடமே திரும்பிவிட்டது. ஒரு பாட்டை மட்டும் பக்கத்தில் வைத்தால் பாதிதான் கேட்கும். ஷூபர்ட்டை வைத்தால் அவள் தப்பித்த குழந்தை. பாலட்டை வைத்தால் அவள் பிடிபட்ட கொலைகாரி. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான், கதறலைக் கேட்டும் கேட்காத தகப்பனின் இடத்தில் கார்ட்டர் அவளை உட்கார வைத்திருப்பது தெரிகிறது.

அது எப்படி நியாயம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கூண்டு முடைந்தவன் அவன், பழி இவளுக்கா? பிறகு கதையின் நடுவில் நான் அவசரமாகக் கடந்த இன்னொரு இடம் கண்ணில் பட்டது. அவன்மேல் மயங்கிக் கிடக்கும்போது அவளுக்கு ஓர் ஆசை வருகிறது. தான் மிக மிகச் சிறியவளாகிவிட வேண்டும், அவன் தன்னை விழுங்க வேண்டும், வயிற்றில் சுமக்க வேண்டும். அவனைத் தாயாக்கிக்கொள்ள விரும்பியவள் அவள். பிடில் அந்த உறவைத்தான் திருப்பிச் சொல்கிறது. அவளைக் குற்றவாளி ஆக்குவதற்காக இல்லை என்று நினைக்கிறேன். அவன் அவளுக்கு வெறும் காவலாளியாக இருக்கவில்லை என்பதை மறைக்காமல் இருப்பதற்காக. கூண்டிலிருந்து வெளியே வந்து மறுபடி பெண்களான அத்தனை பேர் கழுத்திலும் அவன் பல் பதிந்த தழும்பு இருக்கிறது.

இதையெல்லாம் தங்கையிடம் ஒரு மணி நேரம் போனில் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும், "நான் அவனைப் பத்திக் கெட்டதா மட்டும் பேசணும்னு எல்லாரும் எதிர்பார்க்கறீங்க. நீயும்தான்," என்றாள். புத்தகத்தோடு பட்டியலையும் நான் ஏன் அனுப்பினேன் என்பது அப்போது புரிந்தது. அவள் எப்படி வாசிக்கவேண்டும் என்று முன்கூட்டியே இசை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பழைய பிளேலிஸ்ட்டை அழித்துவிட்டேன். புதியதில் மூன்றுதான். தலைப்புக் கதைக்கு பாக். எர்ல்-கிங்குக்கு முதலில் ஷூபர்ட், அடுத்து அந்தப் பாலட், அதுவும் கதையைப் படித்து முடித்த பிறகு கேட்பதற்கு. மற்ற கதைகளுக்கு எதுவும் இல்லை. ஷூபர்ட்டைக் கேட்டுவிட்டு அவள் அனுப்பிய வாய்ஸ் நோட் எட்டே விநாடி.

"ஏண்ணா, அந்தப் பியானோக்காரருக்குக் கை வலிக்காதா?"